தினமும் காலையில் இரண்டு நோடு மட்டும் டவுன் ஆகிறது (ஸ்லர்ம், டெபியன் 12) – உதவி தேவை

பள்ளத்தூர்ப்பொண்ணு | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் துறையில் ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய கோர் 2 டூயோ பெட்டிகள் ஏழெட்டைத் தூசி தட்டி எடுத்து, ஓடுகிற ஏழு பெட்டிகளை மட்டும் வைத்து ப்ராஜெக்ட்டுக்கு ஒரு க்ளஸ்டர் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே கணினிபோல் வேலை செய்யும் அமைப்பு) கட்டியிருக்கிறேன். ஒன்று வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஹெட் நோட், மற்ற ஆறும் கணக்குப் போடும் கம்ப்யூட் நோட். எல்லாவற்றிலும் 4 ஜிபி ராம், நடுவில் ஒரு கிகாபிட் ஸ்விட்ச். ஹெட் நோடுக்கு மட்டும் காலேஜ் இன்டர்நெட் உண்டு, மற்ற ஆறும் 10.10.0 என்று தொடங்கும் உள் வலையில் மட்டும் இருக்கின்றன.

இதுவரை என்னென்ன செய்து பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் "அதை ஏன் போடவில்லை" என்று கேட்க வேண்டியிருக்காது. முதலில் ராக்ஸ். சான் டியாகோ சூப்பர் கம்ப்யூட்டர் சென்டரில் எழுதியது, முழு க்ளஸ்டரையும் அதுவே நிறுவிக் கொடுத்துவிடும் என்று படித்து ஆசையாக இறக்கினேன். ஆனால் அதன் 7-ஆம் பதிப்பு நிற்பது சென்ட்ஓஎஸ் 7 மேல், அந்த சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. சரி என்று அடுத்து ராக்கி லினக்ஸ் 9 மேல் ஓப்பன்ஹெச்பிசி என்ற க்ளஸ்டர் மென்பொருள் தொகுப்பு. பெட்டி பூட்டே ஆகவில்லை. ராம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் ஒவ்வொரு ராமையும் கழற்றி அதன் தங்க நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் திரும்பச் செருகினேன். கடைசியில் திரையில் ஒரு நொடி வந்து போகும் வரியை மொபைலில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார்த்தால், இந்த சிபியு எக்ஸ்86-64-வி2 (சிபியுவுக்கான ஒரு தகுதி நிலை) இல்லை என்று ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) சொல்கிறது. ராக்கி 9-க்கு அந்த அளவு சிபியு கட்டாயம், கோர் 2 டூயோவில் அது கிடையாது. அதனால்தான் டெபியன் 12. அதிலேயே வரும் ஸ்லர்ம் 22.05 (நோடுகளுக்கு வேலையைப் பங்கிடுவது), மஞ்ச் (பெட்டிகள் ஒன்றையொன்று அடையாளம் சரிபார்ப்பது), ஓப்பன் எம்பிஐ (ஒரே கணக்கைப் பல நோடில் ஓட்டுவது) போட்டேன். ஹோம் அடைவு என்எஃப்எஸ் (வலை வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாகப் போகிறது.

பத்து நாள் அருமையாக ஓடியது. போன வாரத்திலிருந்து தினமும் காலையில் நோட் 3, நோட் 5 இரண்டும் மட்டும் சின்ஃபோவில் (நோடுகளின் நிலையைக் காட்டும் கட்டளை) டவுன், பக்கத்தில் நட்சத்திரக் குறி. காரணம் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று காட்டுகிறது. ஆனால் பிங் போகிறது, எஸ்எஸ்ஹெச் போகிறது, ஸ்லர்ம்டியும் (நோடில் ஓடும் ஸ்லர்ம் சேவை) ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எஸ்கண்ட்ரோல் கட்டளையில் ரெஸ்யூம் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் திரும்ப டவுன். ஹெட் நோட் லாகில் "மஞ்ச் டிகோட் ஃபெயில்ட்: எக்ஸ்பயர்ட் கிரெடென்ஷியல்" என்று வரிசையாக வருகிறது. நோட் 3-இல் போய் மஞ்ச் போட்டு (அடையாளச் சீட்டு உண்டாக்கி) அன்மஞ்ச் செய்தால் (அதைச் சரிபார்த்தால்) சக்சஸ் என்கிறது. வெள்ளிக்கிழமை முதல் ரிவ்யூ. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கோட்டையூரான் | திங்கள், இரவு 10.15

இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். மஞ்ச் கீ கோப்பு ஏழு பெட்டியிலும் ஒரே கோப்பா, மஞ்ச் பயனர் பெயரில் 400 அனுமதியோடு இருக்கிறதா? அப்புறம் ஃபயர்வால். ஸ்லர்ம் பேசும் 6817, 6818 இரண்டு போர்ட்டும் திறந்திருக்க வேண்டும். எனக்கு ஒருமுறை இதே மாதிரி வந்தது, கீயைத் திரும்பக் காப்பி செய்ததும் சரியாகிவிட்டது.

கண்டனூர்_சிங்கப்பூர் | திங்கள், இரவு 11.30

கோட்டையூர் தம்பி சொன்னது தப்பில்லை, ஆனால் கீ வேறாக இருந்தால் வரும் வார்த்தை "இன்வேலிட் கிரெடென்ஷியல்". இங்கே வருவது "எக்ஸ்பயர்ட்". அதாவது முத்திரை உண்மையானதுதான், தேதிதான் கடந்துவிட்டது. மஞ்ச் ஒரு சீட்டைக் கொடுத்தால் அதற்கு ஆயுள் சாதாரணமாக 5 நிமிடம். கொடுத்த பெட்டியின் கடிகாரமும் வாங்கிப் பார்க்கும் பெட்டியின் கடிகாரமும் அதற்கு மேல் விலகியிருந்தால் சீட்டு செல்லாது.

நோட் 3-க்குள்ளேயே மஞ்ச் போட்டு அங்கேயே அன்மஞ்ச் செய்தால் எப்போதும் சக்சஸ்தான் வரும், தங்கச்சி. ஒரே பெட்டி, ஒரே கடிகாரம், அது தப்பாக இருந்தாலும் தனக்குத்தானே ஒத்துப்போகும். ஹெட் நோடில் மஞ்ச் செய்து, அதை எஸ்எஸ்ஹெச் வழியாக நோட் 3-இல் அன்மஞ்ச் செய்து பாருங்கள். அது "ரிவவுண்ட்" என்று சொன்னால் நோட் 3-இன் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், ஹெட் நோட் லாகில் அந்தப் பிழை வரிக்குப் பக்கத்திலேயே என்கோடட், டிகோடட் என்று நேரத்தோடு இரண்டு வரி இருக்கும். அந்த இரண்டையும் அப்படியே போடுங்கள்.

பள்ளத்தூர்ப்பொண்ணு | செவ்வாய், பகல் 1.05

அண்ணே, "ரிவவுண்ட் கிரெடென்ஷியல்" என்றேதான் வந்தது! லாகில் இருப்பது இது: என்கோடட் திங்கள் 17.31, டிகோடட் செவ்வாய் 09.12. நோட் 3-இல் டேட் கொடுத்தால் நேற்றுச் சாயங்காலம் என்கிறது, நோட் 5-உம் அப்படியே. மற்ற நான்கும் சரியான நேரத்தில்தான் இருக்கின்றன. கீ ஏழிலும் ஒன்றுதான், செக்சம் எடுத்துப் பார்த்துவிட்டேன். ஃபயர்வாலும் கிடையாது.

புரியாதது என்னவென்றால், பயாஸ் பேட்டரி போயிருந்தால் தேதி பல வருடம் பின்னால் போக வேண்டும் இல்லையா? இது ஏன் சரியாக நேற்று மாலை ஐந்தரையில் நிற்கிறது?

கண்டனூர்_சிங்கப்பூர் | செவ்வாய், பகல் 2.20

நல்ல கேள்வி. டெபியன் 12-இல் தானாக வரும் நேரச் சேவை சிஸ்டம்டி டைம்சிங்க்டி. அது நேரத்தை அவ்வப்போது வட்டில் ஒரு கோப்பில் பதிந்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பூட் ஆகும்போது மதர்போர்டு கடிகாரம் அந்தக் கோப்பைவிடப் பழைய தேதியைச் சொன்னால் அதை நம்பாமல் கோப்பில் இருக்கும் நேரத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். உங்கள் வீட்டுப் பட்டாலையில் சாவி கொடுக்கிற சுவர்க் கடிகாரம் இருந்தால் தெரியும், ஒருநாள் சாவி கொடுக்க மறந்தால் நின்றுவிடும், மறுபடி சாவி கொடுத்ததும் நின்ற இடத்திலிருந்தே ஓடும். அதே கதைதான். பிறகு இன்டர்நெட்டில் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும், ஆனால் உங்கள் நோடுகளுக்குத்தான் இன்டர்நெட் இல்லையே.

லேபில் மாலை ஐந்தரைக்கு என்ன நடக்கிறது? மெயின் ஸ்விட்சை இறக்குகிறார்களா? பெட்டியை ஷட்டவுன் செய்தாலும் சுவர் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மதர்போர்டுக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் பேட்டரி செத்திருந்தாலும் கடிகாரம் ஓடும். மெயின் போனால்தான் பேட்டரியின் யோக்கியதை தெரியும்.

பள்ளத்தூர்ப்பொண்ணு | செவ்வாய், இரவு 8.50

அண்ணே, அதேதான். ஐப்பசி மழையும் இடியும் ஆரம்பித்ததிலிருந்து லேப் அண்ணன் சாயங்காலம் கிளம்பும்போது மெயினை இறக்கிவிட்டுத்தான் போகிறார், அது அவர் பொறுப்பு, அவர் செய்வது சரி. முதல் பத்து நாள் ப்ராக்டிகல் எக்ஸாம் நடந்ததால் மெயின் இறங்கவே இல்லை. அதனால்தான் அப்போது ஓடியிருக்கிறது. இது புரிந்தபோது லேபிலேயே கையைத் தட்டிவிட்டேன்.

நோட் 3-ஐத் திறந்து பயாஸுக்குள் போனால் 2008 ஜனவரி 1. பேட்டரியைக் கழற்றி எலக்ட்ரானிக்ஸ் லேபில் மல்டிமீட்டர் வாங்கி அளந்தேன், 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1.4. வீட்டுக்குப் பஸ் ஏறும் முன் கல்லுக்கட்டியில் ஒரு வாட்ச் கடையில் சிஆர்2032 ஆறும் வாங்கிவிட்டேன், எல்லாவற்றுக்குமே மாற்றிவிடலாம் என்று.

தேவகோட்டை_சிஸ்அட்மின் | செவ்வாய், இரவு 10.05

பேட்டரி மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடாதேம்மா. மதர்போர்டு கடிகாரம் எதுவும் ஒன்றைப்போல் ஒன்று ஓடாது, நாளுக்குச் சில நொடி விலகும், சில மாதத்தில் திரும்ப இங்கேயே வந்து நிற்பாய். ஏழு பெட்டியிலும் க்ரோனி (வலை வழியாகக் கடிகாரத்தை ஒத்துப்போக வைக்கும் மென்பொருள்) போடு. ஹெட் நோடின் க்ரோனி கோப்பில் உள் வலைக்கு அலவ் வரி ஒன்று, லோக்கல் ஸ்ட்ரேட்டம் 10 என்று ஒரு வரி. இரண்டாவது வரி எதற்கென்றால், காலேஜ் இன்டர்நெட் போய்விட்டாலும் ஹெட் நோட் தன் நேரத்தையே மற்றவற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். எல்லாம் ஒரே மாதிரி இருப்பதுதான் மஞ்சுக்கு வேண்டும், உலகத்தோடு ஒரு நிமிடம் விலகினாலும் அதற்குக் கவலை இல்லை. மற்ற ஆறிலும் இன்டர்நெட் சர்வர் வரிகளை எடுத்துவிட்டு ஹெட் நோடை மட்டும் ஐபர்ஸ்ட்டோடு (தொடக்கத்தில் வேகமாக நேரம் கேட்கும் அமைப்பு) கொடு.

இன்னொன்று, பலர் விடுவது. காலையில் எல்லாம் ஒரே நேரத்தில் பூட் ஆகும்போது கடிகாரம் திருந்தும் முன்பே ஸ்லர்ம்டி ஓடிவிடக் கூடாது. ஸ்லர்ம்டி சர்வீஸுக்கு ஒரு சின்ன டிராப்-இன் (கூடுதல் அமைப்புக் கோப்பு) எழுதி, அது கிளம்பும் முன் க்ரோனிசி வெயிட்சிங்க் (நேரம் ஒத்துப்போகும்வரை காத்திருக்கும் கட்டளை) ஓடும்படி வை. ஸ்லர்ம் கான்ஃபில் ரிட்டர்ன்டூசர்வீஸ் இப்போது 0 என்று இருக்கும், 1 ஆக்கு. பதில் சொல்லாததால் டவுன் ஆன நோட் சரியாகப் பதிவு செய்துகொண்டால் தானே திரும்பும். 2 வைக்காதே, எந்தக் காரணத்தால் டவுன் ஆனாலும் தானே திரும்பிவிடும், படிக்கிற காலத்தில் பிழை கண்ணில் படுவதுதான் நல்லது.

பள்ளத்தூர்ப்பொண்ணு | புதன், மாலை 5.10

அக்கா, நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன், ஆறும் ஐடில் (வேலைக்குத் தயார்). பிரமாதம். மனம் வருந்திய ஒரு விஷயம்: ஸ்லர்மின் நிறுவல் கையேட்டிலேயே கடிகாரமும் பயனர் எண்களும் க்ளஸ்டர் முழுக்க ஒத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் முதல் நாள் ஏழு பெட்டியிலும் டேட் கட்டளையால் நேரம் வைத்தேன். ஒருமுறை வைப்பது வேறு, ஒத்துப்போகவே வைத்திருப்பது வேறு என்று அப்போது உறைக்கவில்லை.

இப்போது அடுத்தது. லின்பேக் (க்ளஸ்டரின் கணக்கு வேகத்தை அளக்கும் சோதனை) ஒரே நோடில் ஓடுகிறது, இரண்டு நோடில் கொடுத்தால் அப்படியே நிற்கிறது. பிழை எதுவும் இல்லை, டாப் பார்த்தால் சிபியு 100 சதவீதம்.

கோட்டையூரான் | புதன், மாலை 6.00

ஐபி அட்ரஸ் பட்டியலில் விர்ப்ஆர்0 என்று ஒன்று இருக்கிறதா? 192.168.122.1?

பள்ளத்தூர்ப்பொண்ணு | புதன், மாலை 6.12

ஆமாம், எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. வர்ச்சுவல் மெஷின் ஓட்டிப் பார்க்க லிப்வர்ட் போட்டிருந்தேன்.

கோட்டையூரான் | புதன், மாலை 6.20

அதுதான். ஆறு பெட்டியிலும் அதே அட்ரஸ் இருப்பதால் ஓப்பன் எம்பிஐ அந்த வழியாகவும் போகலாம் என்று நினைத்து, பக்கத்து நோடைத் தேடித் தன் வாசலையே தட்டிக்கொண்டிருக்கும். எம்பிஐரன்னில் பிடிஎல் டிசிபி இஃப் இன்க்ளூட் என்ற அமைப்புக்கு 10.10.0.0/24 கொடுங்கள், ஓஓபிக்கும் (அதன் கட்டுப்பாட்டுத் தொடர்பு) அதே மாதிரி. க்ளஸ்டரில் லிப்வர்ட் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

பள்ளத்தூர்ப்பொண்ணு | வெள்ளி, இரவு 9.15

ஓடிவிட்டது. நேற்று ராத்திரி இங்கே நல்ல இடி, மெயின் இறங்கித்தான் இருந்தது. இன்று காலை 9.05-க்கு லேப் அண்ணன் மெயினை ஏற்றினார், நான் எதையும் தொடாமல் ஹெட் நோட் முன்னால் உட்கார்ந்து சின்ஃபோவையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொன்றாக நட்சத்திரக் குறி விழுந்து 9.11-க்கு ஆறும் ஐடில். ரிவ்யூவில் ஆறு நோடிலும் லின்பேக் போட்டுக் காட்டினேன், முடிவில் "பாஸ்ட்" வந்தது. ஒரு சார் மட்டும் இவ்வளவு பழைய பெட்டியில் என்ன பயன் என்று கேட்டார். 1994-இல் நாசாவின் காடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் முதல் பெவுல்ஃப் (சாதாரணக் கணினி பாகங்களால் ஆன க்ளஸ்டர்) கட்டியது 486 வகை சிப் பதினாறில், 10 மெகாபிட் ஈதர்நெட்டில் என்று சொன்னேன். தலையசைத்துவிட்டு, பேட்டரி கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

கோட்டையூர் அண்ணனுக்கும் கண்டனூர் அண்ணனுக்கும் தேவகோட்டை அக்காவுக்கும் மிக்க நன்றி. க்ரோனி கோப்புகள், டிராப்-இன், எம்பிஐ வரி எல்லாவற்றையும் தமிழில் விளக்கத்தோடு எழுதி ஹெட் நோடின் ஹோமிலேயே வைத்திருக்கிறேன், அடுத்த பேட்ச்சில் இரண்டு தம்பிகள் இதை எடுத்து நடத்தப்போகிறார்கள். எடுத்த பேட்டரி ஒவ்வொன்றின் மேலும் நோட் எண்ணும் வோல்ட்டும் எழுதி ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.

தேவகோட்டை_சிஸ்அட்மின் | வெள்ளி, இரவு 9.50

ரொம்ப சந்தோஷம்மா. ஏழாவது பெட்டி, அந்த ஹெட் நோட், அதன் பேட்டரியை மாற்றினாயா? ஆறுதானே வாங்கினாய்.

பள்ளத்தூர்ப்பொண்ணு | வெள்ளி, இரவு 9.58

இல்லை அக்கா. நாளைக்கே கல்லுக்கட்டி போகிறேன்.