வஞ்சப்புகழ்ச்சியைப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

வெள்ளவத்தை ரீச்சர்:
வணக்கம். வெள்ளவத்தையில் ஓ.எல். பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். போன கிழமை வஞ்சப்புகழ்ச்சிக்கு, அதாவது புகழ்வதுபோல இகழும் அணிக்கு, உதாரணமாகப் புறநானூற்றின் 95ஆம் பாட்டை எடுத்தேன். அதியமானுக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமான் காட்டிய படைக்கலங்களைப் பார்த்துப் பாடியது. வடிவாகப் படிக்கிற ஒரு பிள்ளை, "தொண்டைமான் ஆயுதங்களை நன்றாகப் பேணுகிறான் என்று ஔவையார் பாராட்டுகிறார்" என்று எழுதியிருக்கிறாள். மயிற்பீலி, மாலை, நெய்ப்பூச்சு, காவல் உள்ள அரண்மனை என்று அவள் எடுத்துக்காட்டிய எல்லாமே பாட்டில் இருக்கின்றன. அதுதான் எனக்குக் கவலை. வரைவிலக்கணத்தைப் பாடமாக்கவிட்டால் சோதனையில் புள்ளி வரும், ஆனால் அடுத்த பாட்டிலும் இதே கதைதான். இந்தப் பிள்ளைகளே "ஓமோம், நீ பெரிய கெட்டிக்காரன்தான்" என்று ஒருவரையொருவர் நக்கலடிக்கும்போது உடனே விளங்கிக்கொள்கிறார்கள். அங்கே குரலும் முகமும் காட்டிக்கொடுத்துவிடும். தாளில் கிடக்கிற பாட்டில் எதைக் காட்டுவது?

கொட்டாஞ்சேனை வாசகன்:
ரீச்சர், திரும்புகிற இடத்தைக் காட்டுங்கோ. "இவ்வே" என்று தொடங்கும் பகுதியோடு நிறுத்தினால் அந்தப் பிள்ளை எழுதியது சரிதான். அடுத்து "அவ்வே" வருகிறது. அதியமானின் வேல்கள் பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, கொல்லனின் சின்னப் பட்டறையில் கிடக்கின்றன. இதைக் கேட்ட பிறகு மாலையும் நெய்யும் முன்போல இருக்குமா? தொண்டைமானை ஔவை ஒரு சொல்லாலும் குறை சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நிற்கிறார். போர் வேண்டாம் என்று சொல்ல வந்த தூதர் அந்த அரண்மனைக்குள் நின்று வேறு எப்படிப் பேசுவது? சூழலைச் சொல்லாமல் அணியை மட்டும் படிப்பித்தால் இது பிடிபடாது.

குறளில் கயமை அதிகாரத்தின் 1073ஐயும் பாருங்கோ. "தேவர் அனையர் கயவர்" என்பதோடு நின்றால் அது பெரும் புகழ். "அவரும்தாம் மேவன செய்தொழுக லான்" என்று காரணம் வந்ததும் எல்லாம் கவிழ்ந்துவிடுகிறது. கேட்க ஆளில்லாமல் நினைத்தபடி திரிவதில்தான் தேவரும் கயவரும் ஒன்று.

பம்பலப்பிட்டி அக்கா:
நானென்றால் சுந்தரரிலிருந்து தொடங்குவேன். பார்வை போய், காஞ்சியில் ஒரு கண் கிடைத்த பிறகு, மற்றக் கண்ணைச் சிவனிடம் கேட்டுத் திருவாரூரில் பாடுகிறார்: "மற்றைக் கண்தான் தாராதொழிந்தால் வாழ்ந்து போதீரே". எங்கள் அம்மம்மா கோபம் தலைக்கேறினால் "நல்லா இருங்கோ!" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவார். அதே வாழ்த்துத்தான் இது. பதிகத்தின் 11 பாட்டும் இப்படியே முடிகின்றன. இந்தப் பாட்டில் அதற்கு முந்திய அடியிலேயே "நீரே பழிப்பட்டீர்" என்று நேராகக் குற்றம் சாட்டிவிடுகிறார். அதனால் வாழ்த்தை வாழ்த்தாக எடுத்துக்கொள்ள எந்தப் பிள்ளைக்கும் வழியில்லை. பண்ணோடு ஒருமுறை கேட்கவிட்டால் இன்னும் நல்லது.

கொட்டாஞ்சேனை வாசகன்:
அருமையான உதாரணம் அக்கா. ஆனால் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போடவேண்டாம். ஔவை பேசுவது எதிரி மன்னனிடம், அளந்து. சுந்தரர் தம்பிரான் தோழர், அதாவது சிவனுக்கே நண்பர். அந்த உரிமை இல்லாதவருக்குக் கடவுளிடம் இப்படிக் கோபிக்க வராது. யார் யாரிடம் சொல்கிறார் என்று பிள்ளைகளை முதலில் கேட்கவைத்தால் பாதி வேலை முடிந்தது.

வெள்ளவத்தை ரீச்சர்:
இருவருக்கும் மிக்க நன்றி. சரி, சனிக்கிழமை சுந்தரர், அப்புறம் ஔவை. இன்னொன்று: அதே அதிகாரத்தில் 1072, "நன்றறி வாரிற் கயவர் திருவுடையர்". இதுவும் அப்படித்தானே?

கொட்டாஞ்சேனை வாசகன்:
ஓம் ரீச்சர். "நெஞ்சத்து அவலம் இலர்" என்பதுதான் திரும்புகிற இடம். நல்லது தெரிந்தவருக்கு அதைச் செய்தோமா என்ற கவலை விடாது. கயவருக்கு அந்தக் கவலையே இல்லை, அதுதான் அவருடைய பாக்கியம். 1073ஐ வகுப்பில் செய்துவிட்டு, இதைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கோ.