இடுப்பு வலிக்குப் போனால் உளவியல் ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள். போகலாமா?

கோத்தகிரிக்காரன்
வயது 46. ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. நான்கு வருடம் முன்பு மழையில் கொழுந்து மூட்டையோடு சறுக்கி விழுந்தேன், அன்றிலிருந்து இடுப்பு வலி. டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். மாத்திரை, ஊசி, பெல்ட், எண்ணெய்க் கட்டு எல்லாம் பார்த்தாயிற்று. போன வாரம் கோவையில் வலிக்கென்று இருக்கிற டாக்டர், "உளவியல் ஆலோசகரை எட்டு தடவை பாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வீட்டில் காட்டவே கூச்சமாக இருந்தது. வலி இடுப்பில்தானே, மண்டையிலா? யாராவது போயிருக்கிறீர்களா?

கூடலூர் லாரிக்காரன்
போகாதீங்க அண்ணே. கையில் மருந்து தீர்ந்துபோனால் "மனசு" என்று ஆரம்பிப்பார்கள். எனக்குத் தோள்பட்டை வலி. ஒரு டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, "டென்ஷனைக் குறையுங்கள்" என்றார். நடுவட்டம் இறக்கத்தில் லோடு வண்டி ஓட்டுகிறவனிடம் சொல்கிற பேச்சா இது? எட்டு மாதம் கழித்து வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தால் தசைநார் கிழிந்திருக்கிறது. அந்த எட்டு மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

கேத்தி அக்கா
தம்பி, உனக்கு நடந்தது அநியாயம். ஆனால் அது பேச்சு சிகிச்சை இல்லை, தட்டிக் கழித்தது.

நான் போயிருக்கிறேன். ஆறு வருட இடுப்பு வலி. முதல் நாள் அந்தப் பெண், "வலி வந்ததும் என்ன நினைப்பீர்கள்?" என்று கேட்டது. நினைக்க என்ன இருக்கிறது, வலிக்கிறது என்றுதான் என்றேன். அடுத்து ராத்திரியைப் பற்றிக் கேட்டது. இரண்டு மணிக்கு முழித்து, காலையில் எழ முடியாவிட்டால் பால் யார் கறப்பது, கேரட் லோடு யார் ஏற்றுவது என்று விடிய விடியக் கணக்குப் போடுவதைச் சொன்னேன். அதையெல்லாம் அதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

அப்புறம் ஒரு நோட்டுப் போடச் சொன்னது. இரண்டு வாரம் எழுதிப் பார்த்தால் என் வண்டவாளம் தெரிந்தது. வெயில் அடித்து உடம்பு லேசாக இருக்கிற அன்றைக்கு மூன்று நாள் களையை ஒரே நாளில் எடுத்துவிடுவேன். அடுத்த இரண்டு நாள் கம்பளிக்குள். மறுபடி வெயில், மறுபடி அதே கதை. இப்போது போனில் இருபது நிமிடத்துக்கு ஒரு அலாரம். வலித்தாலும் வலிக்காவிட்டாலும் அடித்ததும் எழுந்து ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். மாமியார், "களை எடுக்க அலாரமா, பள்ளிக்கூடமா நடக்குது?" என்றார். நடக்கட்டும்.

கூடலூர் லாரிக்காரன்
எல்லாம் சரி அக்கா, வலி குறைந்ததா? பத்துக்கு எத்தனை?

கேத்தி அக்கா
முன்னே ஏழு. இப்போது ஆறு. ஆனால் மஞ்சூரில் அக்கா மகன் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தி முடியும் வரை இருந்துவிட்டு வந்தேன். முந்தின கல்யாணத்துக்கு மொய் மட்டும்தான் போனது.

கூடலூர் லாரிக்காரன்
ஏழு ஆறாக எட்டு தடவை காசா!

குன்னூர் பிசியோ
லாரி அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி. 2020-இல் காக்ரேன் என்கிற, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் குழு 75 ஆய்வுகளை, 9000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றும் அந்தச் சிகிச்சையால் வலி, முடக்கம், மன உளைச்சல் மூன்றுமே குறைந்தன, ஆனால் கொஞ்சம்தான். அக்காவின் ஏழு ஆறானதும் அந்த அளவுதான். மாயம் என்று யாராவது விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கோத்தகிரி அண்ணனுக்கு ஒன்று. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் டிஸ்க் பிதுக்கம் தெரியும். 20 வயதினரில் 30 சதவீதம், 80 வயதினரில் 84 சதவீதம் என்று 2015-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. ஆகவே உங்கள் வலி முழுவதும் அந்தப் பிதுக்கத்தின் கணக்கு என்று சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த வலியில் நரம்பு மண்டலமே உஷாராகிவிடும். காட்டெருமை போய் ஒரு மணி நேரம் ஆனபிறகும் நாய் குரைத்துக்கொண்டே இருக்குமே, அப்படி. நாய் நடிக்கவில்லை, நிஜமாகத்தான் குரைக்கிறது. பயம், தூக்கமின்மை, "இனி அவ்வளவுதான்" என்ற நினைப்பு எல்லாம் அதைக் கூட்டும். அங்கேதான் பேச்சு வேலை செய்கிறது.

கூடலூர் லாரிக்காரன்
அப்போ பேசினாலே போதுமா? உடம்பை யார் பார்ப்பது?

குன்னூர் பிசியோ
போதாது. இடுப்பு வலிக்கு பிரிட்டனின் 2016 வழிகாட்டியே, மனச் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் தரச் சொல்கிறது. தனியாக இல்லை. என்னிடம் வருகிற பாதிப் பேர் குனிந்தால் டிஸ்க் வெடித்துவிடும் என்று பயந்து பயிற்சியே செய்வதில்லை, அந்தப் பயத்தை என்னால் மட்டும் போக்க முடியாது. இன்னொன்று: கால் பலம் குறைந்தால், தொடை நடுவே மரத்தால், சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தால் பேச்சும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கோத்தகிரிக்காரன்
அதெல்லாம் இல்லை. எனக்குப் பெரிய தொல்லை காட் ரோடுதான். மேட்டுப்பாளையம் இறங்கி, பஸ் மாறி, கோவை போய்த் திரும்ப ஒரு பகல் போய்விடும். குலுக்கலில் மறுநாளும் போகும். வலிக்கு வைத்தியம் பார்க்க வலியை வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

கேத்தி அக்கா
நான் இரண்டு தடவைதான் நேரில் போனேன், மிச்சம் வீடியோவில். முதலிலேயே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, ராத்திரி மனசு ரொம்ப அடித்துக்கொண்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், காசு இல்லை, தமிழில் பேசுவார்கள். வலிக்கான எட்டு தடவைக்கு அது ஈடாகாது, அது வேறு.

கோத்தகிரிக்காரன்
வீடியோவா! என் வீட்டில் சிக்னல் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மட்டும்தான் வரும். ஆலோசகரிடம் மாட்டையும் அறிமுகப்படுத்த வேண்டியதுதான்.

சரி, சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். சீட்டைக் கடைசியில் மனைவியிடம் காட்டிவிட்டேன். அவளும் வருகிறாளாம், அவளுக்கும் கேட்க ஏதோ இருக்கிறதாம்.

கூடலூர் லாரிக்காரன்
என் கருத்து மாறவில்லை அண்ணே. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்க. மாத்திரையை நிறுத்தச் சொன்னால், எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்தாதீங்க. அப்புறம், பஸ்ஸில் பின் சக்கரத்துக்கு மேலே உட்காராதீங்க, தூக்கிப் போடும். நடு சீட்டில் உட்காருங்க.