பொருள்: ‘விலங்கு’ வேண்டாம், வேறு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமை அச்சு)

கடலூர், மோட்டார் மெக்கானிக் பயிற்சி ஆசிரியை | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். பழைய பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் சின்ன வேலைகளைத் தாங்களே பார்த்துக்கொள்ள 36 பக்கத்தில் ஒரு கையேடு எழுதுகிறேன். முதுநகர்த் துறைமுகத்தில் மீன் ஏற்றும் வண்டிக்காரர்களுக்கு இரண்டு ஞாயிறு வகுப்பு இருக்கிறது, அதற்காக. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

நேரமில்லாமல் பின்பக்கப் பிளேட் பற்றிய பகுதியை மொழிபெயர்ப்புக் கருவியிடம் கொடுத்துவிட்டேன். வந்தது இது:

> இலைச் சுருள்வில்லின் பின்பக்க விலங்குகளை அவிழ்த்து, துரு இருந்தால் தூரிகையால் தேய்க்கவும். விலங்குகள் தளர்ந்திருந்தால் மாற்றவும்.

என் மகன் படித்துவிட்டு, “எந்த மாடும்மா?” என்று கேட்டான்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். பின்சக்கரத்தின் மேல் வில் மாதிரி வளைந்த பிளேட் கட்டு இருக்கிறதல்லவா, அதன் முன்பக்கக் கண் (முனையில் இருக்கும் வளையம்) சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, ஒரே இடத்தில் பின் (குறுக்காணி) போட்டு நிற்கும். பின்பக்கக் கண் அப்படி நிற்க முடியாது. சுமை ஏறினால் வளைவு தட்டையாகும், தட்டையானால் நீளும், நீள்வதற்கு இடம் வேண்டும். அதனால் அந்தக் கண்ணையும் சேஸிஸையும் இரண்டு பட்டைகளால் சேர்த்து, முன்னும் பின்னும் ஆடவிட்டிருக்கிறார்கள். பட்டறையில் அதற்குச் சாக்கிள் என்று பெயர். ஐஸ் தண்ணீரும் உப்பும் வடிவதெல்லாம் அதன் மேல்தான். எங்கள் ஊர் வண்டிகளில் முதலில் போவதும் அதுதான்.

என்ன சொல் போடலாம்?

வில்லியனூர், பட்டறைக்காரர் | திங்கள், இரவு 10.05

மேடம், சாக்கிள் என்றே போடுங்கள். வேறு பெயர் சொல்லிக் கேட்டால் ஸ்பேர் கடைப் பையன் முழிப்பான்.

புதுச்சேரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | செவ்வாய், காலை 5.15

அம்மா, கருவி செய்தது பாதிப் பிழைதான். ஆங்கிலேயன் கைவிலங்கின் பெயரைத்தான் இந்த உறுப்புக்கு வைத்தான். ஆனால் விலங்குக்கு நம்மிடம் மாட்டோடு குழம்பாத இன்னொரு சொல் இருக்கிறதே: தளை.

கைகால்களைப் பிணிப்பது தளை. யாப்பில் நின்ற சீரின் ஈற்றசையையும் வரும் சீரின் முதலசையையும் பிணைப்பதும் தளை. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை. நின்ற சீரைச் சேஸிஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், வரும் சீர் பிளேட். சீரைக் கையால் தொட்டுக் காட்டலாம், அடியைக் காட்டலாம். தளையைத் தனியே எடுத்துக் காட்ட முடியாது. இரண்டுக்கும் இடையில் இருந்து ஓசையைக் காப்பது அதன் வேலை. நேரொன்றாசிரியத்தளை முதல் ஒன்றாத வஞ்சித்தளை வரை ஏழு வகை உண்டு. உங்கள் வண்டியில் முன்னது, பின்னது, இடது, வலது என்று எத்தனை வந்தாலும் சமாளிக்கலாம்.

வில்லியனூர், பட்டறைக்காரர் | செவ்வாய், காலை 7.30

ஐயா, பள்ளிக்கூடத்தில் வெண்பா எழுதினால் ‘தளை தட்டுது’ என்று அடிப்பார்களே, அந்தத் தளையா? புஷ் (கண்ணுக்குள் பின்னைச் சுற்றி இருக்கும் குழல்) தேய்ந்த வண்டி மேடு பள்ளத்தில் டொக் டொக் என்று தட்டும். நாங்களும் ‘சாக்கிள் தட்டுது’ என்றுதான் சொல்கிறோம்.

புதுச்சேரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | செவ்வாய், காலை 7.34

தம்பி, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். இதற்கு மேல் சான்று எதற்கு?

கடலூர், பயிற்சி ஆசிரியை | செவ்வாய், மதியம் 1.20

ஐயா, சொல் அழகுதான். ஆனால் வகுப்பில் வாய்விட்டுப் படிக்கும்போது ‘பின் தளை’ பின்தலை ஆகிவிடும். எங்கள் பக்கம் லகர ளகரம் எப்படிப் புழங்குகிறது என்று உங்களுக்குத் தெரியாததில்லை.

சிதம்பரம், மொழியியல் ஆய்வாளர் | செவ்வாய், இரவு 8.50

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சாக்கிளை விட அந்த ‘இலைச் சுருள்வில்’தான் எனக்கு உறுத்துகிறது. அதில் சுருள் எங்கே? சுருண்டிருந்தால் சுருள்வில். இது அசல் வில்.

அடுத்து ‘இலை’. ஆங்கிலத்தில் மரத்து இலைக்கும் புத்தகத் தாளுக்கும் ஒரே சொல். தமிழுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. மரபியலில் தொல்காப்பியர், புறத்தே வயிரம் (கெட்டிப்பகுதி) உள்ளது புல், அகத்தே வயிரம் உள்ளது மரம் என்று பிரிக்கிறார். பிரித்துவிட்டு, தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ் என்பவற்றைப் புல்லுக்கும், இலை, முறி, தளிர் என்பவற்றை மரத்துக்கும் பங்கு போட்டுத் தருகிறார். (தோடு இரண்டு பக்கமும் வரும். அது வேறு கதை.) உரைகாரர் கணக்கில் பனையும் தெங்கும் புல்தான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் துளையிட்டு, ஓர் இரும்பைச் செருகி வைத்தால் அது என்ன? ஓலைச்சுவடி! சுவடிக்குள் செருகும் கம்பிக்கு நாராசம் என்று பெயர். உங்கள் சென்டர் போல்ட் வேறென்ன? ஆகவே ‘ஏட்டு வில்’ என்பதே மரபு.

கடலூர், பயிற்சி ஆசிரியை | செவ்வாய், இரவு 9.10

ஏட்டு என்றால் இங்கே போலீஸ் ஏட்டையா. சென்டர் போல்டை நாராசம் என்று எழுதினால் அதுவும் சத்தம் போடுகிறது என்று கழற்றிவிடுவார்கள். பட்டைவில் என்று போட்டுக்கொள்கிறேன், இதோடு அதை விடுங்கள். கேட்டது சாக்கிளுக்கு.

கடலூர், வண்டிப்பாளையம் | புதன், காலை 6.40

‘கற்றுணைப் பூட்டியோர் கடலில் பாய்ச்சினும்’ என்று பாடிய அப்பர் கல்லோடு மிதந்து வந்து கரையேறியது எங்கள் ஊர்ப் பக்கம்தான் என்பது ஐதீகம். கரையேறவிட்டகுப்பம் என்று பெயரே இருக்கிறது. அங்கே பூட்டுதல் என்றால் பிணித்தல். மாட்டுவண்டிக்குப் பூட்டாங்கயிறு, ஏர் பூட்டுவது, வண்டி பூட்டுவது, எல்லாம் இதே. ‘வில்பூட்டு’ என்று வையுங்கள். வண்டியும் இருக்கிறது, பிணிப்பும் இருக்கிறது.

வில்லியனூர், பட்டறைக்காரர் | புதன், காலை 7.00

சாவி எங்கே என்பார்கள்.

புதுச்சேரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | புதன், காலை 7.20

சாவியே போர்த்துக்கீசியம். திறவுகோலைத் தொலைத்தோம், இப்போது பூட்டையும் தொலைக்கப் பார்க்கிறோம்.

புதுச்சேரி, பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் | புதன், மாலை 4.15

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பிரெஞ்சில் இந்த உறுப்புக்கு ஜுமெல் என்று பெயர். இரட்டைப் பெண்களில் ஒருத்தி என்பது பொருள். ஒரே அளவில் இரண்டு பட்டை எதிரெதிரே நிற்கிறதே, அதைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ்காரன் பிணிப்பைப் பார்த்தான், பிரெஞ்சுக்காரன் ஜோடியைப் பார்த்தான். அவர்கள் பார்த்ததையே நாமும் பார்க்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஆசிரியை முதல் மடலில் ‘ஆடவிட்டிருக்கிறார்கள்’ என்று எழுதினார். எனக்குச் சொல் அங்கேயே கிடைத்துவிட்டது. ஊசல். ஊசல் தகடு.

வில்லியனூர், பட்டறைக்காரர் | புதன், மாலை 4.40

மீன் வண்டிக்கு ஊசலா? ஊசிப்போன சரக்கு என்று வியாபாரி திருப்பி அனுப்பிவிடுவான்.

கடலூர், பயிற்சி ஆசிரியை | வியாழன், மதியம் 2.30

சிரித்து முடித்துவிட்டு, இன்று வகுப்பில் பழைய டாட்டா 207 ஒன்றை ஜாக்கியில் ஏற்றி, சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்து, பையன்களை அடியில் போய்ப் பார்க்கச் சொன்னேன். என்ன பெயர் வைப்பீர்கள் என்று மூன்று பேரைக் கேட்டேன். ஒருவன் “ஊஞ்சல் சங்கிலி மாதிரி இருக்கு” என்றான். ஒருவன் “கை” என்றான். மூன்றாமவன், “அதான் சாக்கிள்னு சொன்னீங்களே மேடம்.”

ஊஞ்சல் தகடு என்று போடலாமா? ஊஞ்சலுக்கு வாசனை வராது.

வில்லியனூர், பட்டறைக்காரர் | வியாழன், இரவு 9.55

ஊஞ்சல் சரி, தகடு தப்பு. கத்தரியால் வெட்டினால் தகடு. இது 10 மில்லி கனம், பட்டை என்றுதான் சொல்ல வேண்டும்.

அதோடு, நீங்கள் அனுப்பிய பகுதியில் சில விஷயம் விட்டுப்போயிருக்கிறது. சொல்லை விட அது முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

பழைய வண்டிக்கு ஒரிஜினல் கிடைக்காதபோது நாங்களே பட்டை வெட்டுகிறோம். இரண்டையும் ஒன்றாக வைத்து இறுக்கிப் பிடித்து, ஒரே மூச்சில் துளை போட வேண்டும். தனித்தனியாகப் போட்டு அரை மில்லி தப்பினாலும் பின் கோணலாக ஏறும், புஷ் ஒரு பக்கமே தேயும். பின்னுக்குச் சாதாரண எம்.எஸ். (மென் எஃகு) கம்பி ஆகாது, அதைவிடக் கெட்டியான இ.என்.8 எஃகு வாங்கிக் கடைசல் பிடியுங்கள். துருப்பிடித்த பழைய பின் வராவிட்டால் சுத்தியலால் மொத்த வேண்டாம். முதல் நாள் ராத்திரியே டீசல் ஊற்றி ஊறவிடுங்கள்.

கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் என்றால் கிரீஸ் போக வழி வேண்டும்: பின்னில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள், புஷ்ஷின் உட்பக்கம் காடி (பள்ளக் கோடு). ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸ் காட்டவே கூடாது, ரப்பர் ஊதிவிடும். ரப்பர் புஷ் போட்டால் நட்டைக் கடைசியாக இறுக்குவது வண்டி தரையில் நான்கு சக்கரத்தில் நின்ற பிறகுதான். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். சீக்கிரம் கிழியும். நிறையப் பேர் செய்கிற தப்பு இது. நானும் ஆரம்பத்தில் செய்து, அதே வண்டி திரும்பி வந்திருக்கிறது.

பிளேட்டில் வெல்டிங் வைக்கவே கூடாது. சூட்டில் பதம் போய்விடும், அடுத்த லோடில் அங்கேயே முறியும்.

அப்புறம், ‘பின்னால் தொய்ந்துவிட்டது, நீளமான சாக்கிள் போட்டுத் தூக்கிக் கொடு’ என்று கேட்டு வருவார்கள். 2 அங்குலம் நீட்டினால் வண்டி ஏறுவது ஏறக்குறைய 1 அங்குலம்தான், ஏனென்றால் முன்கண் நகராது, அச்சு இருப்பது நடுவில். பக்கவாட்டு ஆட்டம்தான் கூடும். தொய்ந்தது பிளேட். தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா?

சிதம்பரம், மொழியியல் ஆய்வாளர் | வியாழன், இரவு 10.10

‘பதம் போய்விடும்’! ‘டெம்பர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கலைச்சொல் பட்டியல்களில் எத்தனை விதமாக முட்டி மோதியிருக்கிறோம். உங்களுக்கு இது எங்கே கிடைத்தது?

வில்லியனூர், பட்டறைக்காரர் | வியாழன், இரவு 10.14

எங்கே கிடைக்கும்? அப்பா கொல்லுப்பட்டறை. அரிவாளுக்குப் பதம் பார்க்கிற மாதிரிதான் இதுவும்.

புதுச்சேரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | வெள்ளி, காலை 5.05

ஊஞ்சல் என்பதே ஊசலின் மரூஉ. மணிவாசகர் பாடியது திருப்பொன்னூசல். சிலம்பில் இருப்பது ஊசல்வரி. மீன் நாறும் என்பதற்காக மூலச்சொல்லை விட்டு மரூஉவைப் பிடிக்கிறோம். போகட்டும். ஊசலும் என் தேர்வு இல்லை.

கடலூர், பயிற்சி ஆசிரியை | வெள்ளி, காலை 9.30

அச்சகத்தில் இருந்து எழுதுகிறேன். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ஊஞ்சல் பட்டைக்கு 5 பேர், சாக்கிளுக்கு 3, தளைக்கு 1. முதல் இடத்தில் மட்டும் ‘சாக்கிள் எனப்படும் ஊஞ்சல் பட்டை’, அப்புறம் எல்லா இடத்திலும் ஊஞ்சல் பட்டை. கடையில் கேட்கச் சாக்கிள் தெரிந்திருக்க வேண்டும் என்று அடியில் ஒரு வரி. பட்டறை அண்ணன் சொன்னதை அப்படியே சேர்த்ததில் இரண்டு பக்கம் கூடிவிட்டது. பதம், கடைசல், காடி மூன்றையும் மாற்றாமல் விட்டிருக்கிறேன். புஷ் புஷ்ஷாகவே இருக்கிறது, தயவுசெய்து யாரும் அதைத் தொடாதீர்கள்.

புதுச்சேரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | ஞாயிறு, இரவு 8.20

கையேடு கிடைத்தது அம்மா, நன்றி. அச்சு நன்றாக வந்திருக்கிறது. ஒன்றே ஒன்று. 22ஆம் பக்கத்துப் பழுது அட்டவணையில் ‘மேடு பள்ளத்தில் ஊஞ்சல் பட்டை தட்டுகிறது’ என்று இருக்கிறது. ஊஞ்சல் எங்கேயம்மா தட்டும்? ஊஞ்சல் கிரீச்சிடும். தட்டுவது தளைதான்.