சக்கரவள்ளிக் கொடியில் காய் பிடித்த அனுபவம் யாருக்காவது உண்டா?

முதலியார்பேட்டை, புதுச்சேரி

மொட்டை மாடியில் பைகளில் சக்கரவள்ளி வைத்திருக்கிறேன். மார்கழி பிறந்ததும் பூக்க ஆரம்பித்தது. மறுநாள் விரியப்போகும் மொட்டு எதுவென்று முந்தின மாலையே தெரிந்துவிடும், நீண்டு கூம்பி நிற்கும். விடியும் நேரத்தில் பிரஷை எடுத்துப் போய் ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் சூல்முடியில் தடவுவேன். எல்லாமே இரண்டு மூன்று நாளில் காம்போடு உதிர்ந்தன.

பொங்கலுக்கு முந்தின வாரம், கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தொங்கிய கொடியில் பச்சையாக ஒரு உருண்டை, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக. காம்பு தடித்து நின்றது. அது நான் தொடவே தொடாத பூ! அந்தப் பக்கம் கருவண்டு வந்து போவதைப் பார்த்திருக்கிறேன். நான் தடவியதில் நிற்காதது வண்டு தொட்டதில் எப்படி நின்றது? இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நெய்வேலி

அக்கா, உங்கள் பைகள் எல்லாமே ஒரே கொடியை வெட்டி நட்டதுதானே? அப்படியானால் எத்தனை பை இருந்தாலும் அது ஒரே செடிதான். சக்கரவள்ளி பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறு ரகம் வேண்டும், அதிலும் சில ஜோடி சேராது. சுவருக்கு அந்தப் பக்கம் யார் வீட்டிலோ வேறு கொடி இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

என் பிரச்சினை வேறு. என் கொடி பூக்கவே இல்லை. எங்கள் ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு ஓடையோரம் முழுக்கக் கிடக்கிறதே, அதன் பூவும் சக்கரவள்ளிப் பூவும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இரண்டுமே ஐப்போமியா என்ற ஒரே பேரினம். அந்த மகரந்தத்தை எடுத்துத் தடவலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது வேலைக்கு ஆகாது. ஆனால் ஒட்டுக்கட்டலாம். காட்டாமணக்குத் தண்டைப் பிளந்து, சக்கரவள்ளி நுனியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி பாலிதீனால் சுற்றினேன். கிழங்கு வைக்கக் கீழே வழியில்லாததால் சத்து மேலேயே தங்கி, கொடி பூக்கத் தொடங்கும். ஆராய்ச்சி நிலையங்களில் செய்கிற முறைதான் இது. அந்தக் கட்டைத் தண்டின் மேல் முதல் சக்கரவள்ளிப் பூ விரிந்த காலையில் வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன். ஒன்று மட்டும் கவனம்: காட்டாமணக்கு இலை ஆடுமாடுகளுக்கு விஷம். வெட்டிய கழிவை வெளியே போடாதீர்கள்.

நெல்லிக்குப்பம்

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து பெண்ணையாறு பெருகியது. தண்ணீர் வடிந்ததும் பாத்தியில் கைவிட்டேன், கிழங்கு கையோடு கூழாக வந்தது. அந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை.

சரி, கிழங்கு வேண்டும் என்கிறவர்களுக்குப் பூ எதற்கு, விதை எதற்கு? நல்ல நுனிக்கொடியாக 20-25 செ.மீ. வெட்டுங்கள். நடுவில் மூன்று கணு மண்ணுக்குள் போகட்டும். பாரை, அதாவது நடுகிற மண் மேட்டை, உயர்த்திப் போடுங்கள், நீர் தேங்கக் கூடாது. ஒரு மாதம் கழித்துக் கொடியை அவ்வப்போது தூக்கிப் புரட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கணுவுக்குக் கணு வேர்விட்டு நோஞ்சான் கிழங்காகப் பிரிந்துவிடும். தழைச்சத்து அதிகமானால் இலைதான் வரும். மண் வெடித்தால் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு உள்ளே இறங்கி முட்டையிடும், அந்தக் கிழங்கை வேகவைத்தாலும் கசப்பு போகாது. ஆகவே மண் அணைப்பதை விடவே கூடாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடாதீர்கள். சுமார் நான்கு மாதத்தில் ஒரு கிழங்கைக் கீறிப் பாருங்கள், கீறிய இடம் சீக்கிரம் காய்ந்தால் முற்றிவிட்டது. கருத்தால் இன்னும் பொறுங்கள்.

வில்லியனூர்

நெல்லிக்குப்பம் அண்ணா, "விதை எதற்கு" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் நடுகிற கொடியின் ரகமும் ஒருநாள் ஏதோ ஒரு விதையிலிருந்து வந்ததுதான். சக்கரவள்ளிக்கு 90 குரோமோசோம், அதாவது ஆறு தொகுதி. அவை கலந்து வருவதால் ஒவ்வொரு விதையும் ஒரு புது ஆள்.

எங்கள் தோட்டத்தில் வெள்ளைத் தோல் கொடியும் சிவப்புத் தோல் கொடியும் பின்னிக் கிடந்தன. காய் முற்றி உள்ளே கருப்பு விதை. தோல் கல் மாதிரி, அப்படியே போட்டால் முளைப்பது அபூர்வம். கண் இருக்கும் பக்கத்தை விட்டு மறுபக்கம் நகவெட்டியால் லேசாகக் கிள்ளி இரவு ஊறவைத்தேன். முளைத்த வித்திலை நடுவில் பிளந்து இரட்டை மடலாக நின்றது. கிழங்கு விரல் தடிமன்தான். ஆனால் ஒடித்தபோது உள்ளே இளமஞ்சள், தோலுக்கு அடியில் ஊதா வளையம். தாய்க்கொடி இரண்டிலும் அந்த நிறம் கிடையாது. அம்மா அதை வேகவைக்கக் கேட்டார், நான் கொடுக்கவில்லை.

கடலூர் முதுநகர்

நகவெட்டியில் விதை நசுங்கும் பயம் உண்டு, உப்புத்தாளில் தேய்ப்பது நல்லது என்பது என் கருத்து. அப்புறம் நேரம் முக்கியம். வெயில் ஏறிவிட்டால் பூ சுருண்டுவிடும், ஒன்பது மணிக்குப் பிறகு போவதில் பயனில்லை. முந்தின மாலையே மொட்டின் வாயை நூலால் கட்டிவிட்டால் வண்டு முந்திக்கொள்ளாது. காலையில் அவிழ்த்துத் தடவி மறுபடி கட்டவேண்டும். எங்கள் வீட்டுக் கொடியில் அப்படித்தான் காய் நின்றது.

திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் ஊதாச் சதை ரகமான ‘பூ கிருஷ்ணா’ (Bhu Krishna) கொடி யாரிடமாவது இருக்கிறதா? ஒரு முழம் போதும். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், பதிலுக்கு வெள்ளைக் கொடி வெட்டித் தருகிறேன்.