மெக்கார்ட்னி – ஸ்டூவர்ட் டூயல்: ஆவணங்கள் குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்னை ஆளுநராக இருந்த மெக்கார்ட்னி பிரபுவும், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்ட பின் 1783-இல் அவரால் பதவி நீக்கப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்ட தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் 1786 ஜூன் மாதம் இலண்டன் கென்சிங்டன் அருகே கைத்துப்பாக்கியுடன் மோதிய டூயலைப் (முன்கூட்டியே பேசிவைத்து, விதிமுறைப்படி இருவர் மோதும் தனிச்சண்டை) பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன்.

ஹைதர் அலிக்கு எதிரான பொள்ளிலூர்ப் போரில் ஒரு காலை இழந்திருந்த ஸ்டூவர்ட், மரத்தில் முதுகைச் சாய்த்தபடி நின்றார். எதிரே 12 காலடி தூரத்தில் நின்ற பிரபுவுக்கோ கிட்டப்பார்வை. பிரபுவின் துப்பாக்கிக் குதிரை (சுடுவதற்கு முன் பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டிய சுத்தி) இழுக்கப்படவில்லை என்பதை ஸ்டூவர்ட்டே எடுத்துச் சொல்ல, பிரபு நன்றி கூறி அதனைச் சரிசெய்துகொண்டார். அதன் பிறகு சுட்டுக் காயப்படுத்தியவரும் அதே ஸ்டூவர்ட்தான். பகையிலும் முறை தவறாத இந்த மரியாதை வியப்பளித்தாலும், இதனை வீரம் என்று போற்ற எனக்கு மனம் வரவில்லை.

இப்பதவி நீக்கம் தொடர்பான சென்னை ஆலோசனைக் குழுவின் பதிவுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எந்தத் தொகுதிகளில் உள்ளன என்பதையும், 1778 முதல் 1792 வரையிலான புதுச்சேரி இரண்டாம் வீராநாய்க்கர் நாட்குறிப்பில் இவ்விருவரின் பூசல் பற்றிய செய்தி உண்டா என்பதையும் அறிந்தவர்கள் தெரிவித்து உதவுமாறு வேண்டுகிறேன். பக்க எண்ணும் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.