ஜெர்மனி போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு: முதலில் தபால் பெட்டியில் பெயரை ஒட்டுங்கள்

லீவுக்கு மதுரை வந்திருக்கிறேன். செல்லூர் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய பெட்டி விரிந்து கிடக்கிறது. அக்கா மகன் அடுத்த வாரம் ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறான். அக்கா ஒரு பக்கம் திணிக்கிறாள், நான் ஒரு பக்கம் எடுத்து வெளியே வைக்கிறேன். அவனிடம் சொன்னதையே இங்கேயும் எழுதிவிடுகிறேன். போய் இறங்கி ஒரு மாதம்கூட ஆகாதவர்களுக்கும் உதவும்.

"போனதும் முதல்ல என்ன மாமா செய்யணும்?" என்றான். தபால் பெட்டியில் பேரை ஒட்டு என்றேன். சிரித்தான். நானும் போன புதிதில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் தெருவில் கதவு எண் தப்பாக இருந்தாலும் 'ரைஸ்மில் எதிர் வீடு' என்று எழுதினால் தபால்காரர் வந்துவிடுவார். நாம் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். அங்கே அடுக்குமாடி முகவரியில் பெரும்பாலும் வீட்டு எண்ணே இருக்காது, கட்டட எண்ணோடு சரி. கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் எதில் உங்கள் பெயர் இருக்கிறதோ அதில்தான் கடிதம் விழும். பெயர் இல்லாவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். என் வங்கி அட்டையின் ரகசிய எண் இப்படி இரண்டு முறை திரும்பிப் போனது. ஒன்றரை மாதம் அறைத் தோழனிடம் கைமாற்று வாங்கித்தான் ஓட்டினேன்.

சரி, எந்தப் பெயரை ஒட்டுவது? பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் இருப்பதை. நம்மில் பலருக்கு அது அப்பா பெயர். என் அப்பா திருமங்கலம் தாண்டிப் போனதே குறைவு. ஆனால் எட்டு வருஷமாக அங்கே ஆபீஸ், ஆஸ்பத்திரி, பல் டாக்டர் என்று எங்கே போனாலும் 'ஹெர்' (நம்ம 'திரு' மாதிரி) போட்டு அவரைத்தான் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன். அதனால் பெட்டியில் இரண்டு பெயரும் இருக்கட்டும்.

அடுத்தது 'அன்மெல்டுங்'. குடி புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதியணும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தனிப் படிவம் வேண்டும். சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பதிந்த பிறகு வரி எண் தபாலில் தானாக வரும். கூடவே ரேடியோ, டிவிக்கு மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லி ஒரு கடிதம் வரும். 'டிவியே இல்லையே, ஏதோ ஏமாற்று வேலை' என்று கிழித்துப் போடாதீர்கள். அது நிஜம். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒன்று. நாலு பேர் சேர்ந்து இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், பங்கு போட்டுக்கொள்ளலாம்.

அக்கா மிக்ஸியை வைத்துவிட்டாள். அங்கேயும் 230 வோல்ட்தான், ஓடும். நம் மூன்று முள் பிளக் நுழையாது, அதற்கு ஒரு அடாப்டர் போதும். எப்போது ஓட்டுவது என்பதில்தான் சிக்கல். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை சத்தம் கூடாது, ஞாயிறு நாள் முழுக்க அமைதி காக்கணும். ராத்திரி ஒரு மணிக்கும் சுடச்சுட இட்லி கிடைக்கும் ஊரில் பிறந்தவனுக்கு இது மண்டையில் ஏற நாளாகும். ஒரு ஞாயிறு மத்தியானம் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. மறுநாள் கதவில் ஒரு துண்டுச்சீட்டு, முத்து முத்தான கையெழுத்தில், 'நேற்று 13.20 மணிக்கு' என்று ஆரம்பித்து. இங்கே என்றால் எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியே "ஏண்டா, பிள்ளை தூங்குதுல்ல" என்று ஒரு கத்து கத்துவார், அத்தோடு போச்சு. அந்தச் சீட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனால் அந்த அம்மா சிரித்த முகமாகத்தான் பேசினார்.

ஞாயிறு கடையும் கிடையாது, சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். மறந்தால் பெரிய ரயில் நிலையக் கடைகள் இருக்கின்றன, விலை கூட. அப்புறம், நேரத்துக்குக் கிளம்பாமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டே 'காளவாசல் தாண்டிட்டேன்' என்று சொல்லும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

பெட்டி விஷயம். இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. உப்புக்கண்டம், நெய், பால்கோவா எல்லாம் அதில் சேர்த்தி. பச்சைக் கறிவேப்பிலை, மல்லிகைச் சரமும் சான்றிதழ் இல்லாமல் ஆகாது. பருப்புப்பொடி, இட்லிப்பொடிக்குத் தடை இல்லை.

அவன் இரண்டு ஸ்டிக்கரில் பெயர் எழுதி மேல்பையில் வைத்துவிட்டான். நான் இதை எழுதி முடிப்பதற்குள் அக்கா பெட்டியை மூடிவிட்டாள். உப்புக்கண்டம் வெளியே இருந்த இடத்தில் இல்லை. மறுபடி திறந்து பார்க்கணும்.