அழுத்தத்துக்காகக் குடலை அடகு வைக்கிறோமா?

இரவுப்பணி:
ரத்தம் கொட்டி அழுத்தம் சரிந்து அதிர்ச்சிக்குப் போனவருக்கு, குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும் நாரட்ரினலின் மருந்தை ஓட்டினாலே குடல் கறுத்துவிடும் என்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. ரத்தப்பை வந்து சேரும்வரை மூளையும் இதயமும் எதை நம்பி இருக்கும்?

தையல்காரர்:
அந்த ஒருவர் நான்தான். ரத்தம் குறைந்தால் உடம்பு முதலில் கைவைக்கும் இடங்களில் குடலும் ஒன்று. உடம்பே சுரக்கும் ஆஞ்சியோடென்சின், வாசோபிரசின் என்ற ஹார்மோன்கள் அங்கே குழாய்களை ஏற்கெனவே இறுக்கிவைத்திருக்கும். அதன்மேல் நீங்களும் இறுக்குகிறீர்கள். குடலின் உட்சுவரில் விரல்போல நீட்டியிருக்கும் குடலுறிஞ்சிக்குள் ஏறும் தமனியும் இறங்கும் சிரையும் ஒட்டியே ஓடுவதால், பிராணவாயு நுனிக்குப் போகுமுன்பே பக்கத்துக்குக் கசிந்துவிடும். ஓட்டம் மந்தமானால் நுனிதான் முதலில் சாகும். வயிற்றைத் திறந்தால் பெரிய தமனியில் அடைப்பே இருக்காது, குடல் மட்டும் திட்டுத்திட்டாகக் கறுத்திருக்கும். இதைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

மூன்றாம்_ஆண்டு:
சார், 2019இல் வந்த அவெர்ட் ஷாக் ஆய்வு? காயமடைந்த 100 பேர். வாசோபிரசின் பெறாதவர்களுக்கு 2.9 லிட்டர் ரத்தப்பொருள் தேவைப்பட்டது, அதை மருந்தாகக் குறைந்த அளவில் பெற்றவர்களுக்கு 1.4 லிட்டர்தானே.

தையல்காரர்:
இறப்பு குறைந்ததா? இல்லை. குடல் சாவது அபூர்வம் தம்பி, 100 பேரில் அது கண்ணில் படாது. அப்புறம், உணவுக்குழாய்ச் சிரை வெடித்தால் இதே இனத்து டெர்லிப்ரெசினைக் கொடுக்கிறோம். எதற்கு? வயிற்றுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கத்தானே!

இரவுப்பணி:
சரி, அது நியாயம். ஆனால் மருந்து வேண்டாமென்றால் கையில் மிஞ்சுவது சலைன். லிட்டர் லிட்டராக ஏற்றினால் ரத்தம் நீர்த்து உறையாமல் போகும், குடலும் வீங்கும், அப்போதும் அடி குடலுக்குத்தான். நாரட்ரினலின் வயிற்றுச் சிரைகளில் தேங்கிய ரத்தத்தையும் இதயத்துக்குத் தள்ளும். தலைக்காயம் இல்லாவிட்டால், ரத்தப்போக்கு நிற்கும்வரை மேல் அழுத்தம் 80–90 போதும் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டி. திரவம் கொடுத்தும் அது கிடைக்காதபோதுதான் நாரட்ரினலின். நானும் அவ்வளவுதான் கேட்கிறேன்.

தையல்காரர்:
80க்கு ஓட்டுங்கள், சண்டையில்லை. 110 காட்டவேண்டும் என்று அளவை ஏற்றிக்கொண்டே போகிறார்களே, அவர்களோடுதான் எனக்கு வழக்கு. ரத்தம் போதவில்லை என்பதை மானிட்டர் எண் மறைத்துவிடுகிறது.

மூன்றாம்_ஆண்டு:
பிராணவாயு போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட்டைப் பார்த்துக் குடல் சாவதைக் கண்டுபிடிக்க முடியாதா?

தையல்காரர்:
ரத்தம் போனவருக்கு அது எப்படியும் ஏறித்தான் இருக்கும். ரத்தப்போக்கு நின்று, ரத்தமும் ஏற்றியபிறகு லாக்டேட் இறங்காமல் நின்றால், வயிறும் உப்பினால், என்னைக் கூப்பிடுங்கள். விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.